கொடிமரம் உள்ளே இற்றிருக்கிறதா? அறுக்காமல் ஒலியால் பார்க்கும் முறை

கேள்வி: எங்கள் கோயிலில் திருப்பணி தொடங்கவிருக்கிறது. கொடிமரத்தின் பித்தளைக் கவசத்தைக் கழற்றும்போது உள்ளே மரம் எப்படி இருக்கிறது என்று அறுக்காமல் தெரிந்துகொள்ள வேண்டும். அன்னதானக் கூடத்தின் முன்கூரையைத் தாங்கும் நான்கு மரத்தூண்களில் ஒன்றைத் தட்டினால் ‘பொத்’ என்று கேட்கிறது. ஒலி அலையால் சோதிக்கலாம் என்கிறார்கள். எப்படிச் செய்வது? எவ்வளவு நம்பலாம்?

பதில்: செய்யலாம். முறை புதிதல்ல. மரக் கம்பங்களில் மின்கம்பி இழுக்கும் நாடுகளில் பல ஆண்டுகளாகப் புழங்குவதுதான். சிங்கப்பூரில் மின்கம்பிகள் பெரும்பாலும் நிலத்தடியில் ஓடுவதால் இங்கே மரக் கம்பம் அரிது. ஆனாலும் தேசியப் பூங்காக் கழகம் சாலையோர மரங்களின் உட்புறத்தைப் பார்க்க இதே வகைக் கருவியைப் பயன்படுத்துகிறது. எனவே கருவியும் அதை இயக்கத் தெரிந்தவர்களும் இங்கேயே கிடைப்பார்கள். கருவி காட்டும் எண்ணைப் படிப்பதில்தான் கவனம் வேண்டும். நல்ல தூணை இற்றுப்போனது என்றும், இற்றுப்போனதை நல்லது என்றும் இந்தச் சோதனை சொல்லிவிடக் கூடும். இரண்டும் எப்போது நேரும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் ஏமாற மாட்டீர்கள்.

முதலில் அடிப்படை. மரத்தில் ஒலியின் வேகம் இரண்டு விதம். நாரின் போக்கில் விநாடிக்கு ஏறத்தாழ 4,000 முதல் 5,000 மீட்டர். நாருக்குக் குறுக்கே, அதாவது தூணின் ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு, 1,000 முதல் 1,500 மீட்டர்தான். இற்றுப்போன இடத்தைக் கண்டுபிடிக்க உதவுவது இந்தக் குறுக்குவாட்டு அளவு. பூஞ்சை மரத்தின் செல் சுவரைத் தின்னும்போது விறைப்பு குறைகிறது, அதனால் ஒலி தாமதிக்கிறது. நடுவே பொந்து விழுந்துவிட்டால் ஒலி நேராகப் போக வழியில்லை. பொந்தைச் சுற்றிக்கொண்டு வருகிறது. இரண்டிலும் நேரம் கூடும். நல்ல மரத்தில் ஒரு மீட்டர் குறுக்குத் தடிமனுக்குச் சுமார் 650 முதல் 1,000 மைக்ரோவிநாடி (ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) ஆகும். மோசமாக இற்ற மரத்தில் அது 3,000ஐயும் தாண்டும்.

நீளவாக்கில், அடியில் ஓர் உணரியும் (சென்சார்) உச்சியில் ஒன்றும் வைத்துச் சோதித்துத் தருவதாக யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒலி வெளிப்புறத்து நல்ல நாரைப் பிடித்துக்கொண்டு நேராக ஓடிவிடும். உள்ளே கோறையாக (குடைந்து வெறுமையாக) இருந்தாலும் எண் அழகாகவே வரும்.

கருவியில் இரண்டு உணரிகளும் ஒரு நேரமானியும் இருக்கும். ஆணி போன்ற முனையுள்ள உணரியை மரத்தில் 10 முதல் 15 மிமீ ஆழம் இறக்கி, ஒன்றின் தலையில் சிறு சுத்தியலால் தட்டினால், எதிர்ப்பக்க உணரிக்கு அலை வந்துசேர்ந்த நேரம் மைக்ரோவிநாடியில் தெரியும். ஹங்கேரியின் ஃபாகோப் இந்த வகை. ஜெர்மனியின் பிக்கஸ், ஆர்போடாம் போன்றவை தண்டைச் சுற்றிப் பல உணரிகளைப் பொருத்தி வண்ணப் படமாகவே வரைந்து தரும். எட்டு உணரி வைத்தால் 28 பாதைகள், பன்னிரண்டு வைத்தால் 66.

இங்கே ஒப்பந்ததாரரை அழைத்தால் கான்கிரீட் சோதிக்கும் 54 கிலோஹெர்ட்ஸ் மீயொலிக் கருவியோடு வருவதற்கும் வாய்ப்பு உண்டு. அது தவறில்லை, ஆனால் மூன்று சங்கடங்கள் உண்டு. அதன் தட்டையான முகம் உருண்டைத் தூணில் முழுதாகப் படியாது. இடையில் பசை தடவ வேண்டும், அது மரத்தில் கறையாக நிற்கும். மீயொலி மரத்துக்குள் விரைவாகத் தேய்ந்துவிடும் என்பது மூன்றாவது. தடித்த தூணில் முதல் அலை மிகவும் மெலிந்து வரும்போது கருவி அதைத் தவறவிட்டு, பின்னால் வரும் அலையைப் பிடித்து நீண்ட நேரத்தைக் காட்டும். அலை வடிவம் திரையில் தெரியாத பழைய மாதிரியாக இருந்தால் இந்தப் பிழையைக் கண்டுபிடிக்கவே முடியாது. உங்கள் வேலைக்குச் சுத்தியல் வகையே ஏற்றது. கைபேசிச் செயலியால் செய்ய முயல வேண்டாம். விநாடிக்கு 48,000 முறை பதிவுசெய்யும் கைபேசியில் ஒரு பதிவுக்கும் அடுத்ததற்கும் 21 மைக்ரோவிநாடி இடைவெளி. மொத்தமே 250 மைக்ரோவிநாடி ஆகும் தூணில் அது 8 விழுக்காட்டுப் பிழை.

இனி வேலை. கொடிமரத்தைப் பொறுத்தவரை பாலாலயம் (திருப்பணி முடியும்வரை தெய்வத்தைத் தற்காலிகமாக வேறிடத்தில் எழுந்தருளச் செய்யும் சடங்கு) முடிந்து கவசம் முழுதாக இறங்கிய பிறகே தொடங்குங்கள். கவசத்தின் மேல் வைத்து அளப்பதில் பயனே இல்லை. தகடு வழியாக ஒலி விநாடிக்குச் சுமார் 3,600 மீட்டர் வேகத்தில் ஓடும். 320 மிமீ விட்டமுள்ள கொடிமரத்தைப் பாதி சுற்றி வர 503 மிமீ தூரம், அதற்கு 140 மைக்ரோவிநாடி போதும். மரத்தின் ஊடாக வரும் அலைக்கு ஏறத்தாழ 250 ஆகும். தகடு வழி வந்த அலை முந்திக்கொள்ளும். உள்ளே மரமே இல்லாவிட்டாலும் கருவி ‘நலம்’ என்றே காட்டும். கவசத்தைப் பிடித்திருந்த ஆணிகளும் பட்டைகளும் இதே தொல்லையைத் தரும். பிடுங்கக் கூடியதைப் பிடுங்குங்கள், முடியாதவற்றிலிருந்து குறைந்தது 100 மிமீ தள்ளி அளவெடுங்கள்.

மரத்தில் முனை இறக்க வேண்டியிருப்பதால் ஸ்தபதியிடமும் சிவாச்சாரியாரிடமும் முதலிலேயே பேசி ஒப்புதல் பெறுங்கள். கோயில் தேசிய நினைவுச்சின்னமாக இருந்தால் (சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் 1973இலும், சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயில் 1978இலும், டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் 2014இலும் அப்படி அறிவிக்கப்பட்டவை) தேசிய மரபுடைமைக் கழகத்தின் அனுமதி இல்லாமல் ஒரு துளைகூடப் போட வேண்டாம்.

கருவியை எடுக்குமுன் கையால் செய்யும் சோதனைகளை முடித்துவிடுங்கள். அரைக் கிலோ சுத்தியலால் அடியிலிருந்து மேலே தட்டிக்கொண்டே போய், ஓசை மாறும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறியுங்கள். கூரான திருப்புளியால் வெளிப்புறத்தைக் குத்திப் பாருங்கள். வைரம் பாய்ந்த மரத்தில் சிராய் நீளமாகப் பிய்ந்து வரும், இற்ற மரத்தில் பொடியாக உடையும். ஊசிமுனை ஈரமானியால் ஈரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பூஞ்சை வளராது. 30ஐ நெருங்கினால் அதற்குக் கொண்டாட்டம். நம் ஊரில் ஆண்டு முழுவதும் 24 முதல் 32 பாகை வெப்பம், ஆண்டுக்கு 2,000 மிமீக்கும் மேல் மழை. பூஞ்சைக்கு ஓய்வுக் காலம் என்று ஒன்றே இங்கே கிடையாது. கொடிமரத்தில் இன்னொரு சிக்கல்: கவசத் தகடுகளின் பொருத்துவாய் வழியே இறங்கும் மழைநீரும், அடியில் விடும் அபிஷேக நீரும் தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவே சிக்கி வெளியேற வழியில்லாமல் நிற்கும். ஆகவே பீடத்துக்கு அருகிலும், ஒவ்வொரு பொருத்துவாய்க்குக் கீழும் கூடுதலாகப் பாருங்கள்.

அளவெடுக்க வேண்டிய உயரங்கள்: பீடத்தின் மேல்மட்டத்திலிருந்து 50 மிமீ, 300 மிமீ, 600 மிமீ, 1,200 மிமீ, அதற்கு மேல் மீட்டருக்கு ஒன்று. ஒவ்வோர் உயரத்திலும் வடக்கு-தெற்காக ஒன்று, கிழக்கு-மேற்காக ஒன்று, மூலைவாட்டில் இரண்டு என நான்கு பாதைகள் எடுங்கள். கொடிமரம் மேலே போகப்போகச் சிறுத்துக்கொண்டே போவதால் ஒவ்வோர் உயரத்திலும் விட்டத்தைக் கவைக்கோலால் (காலிப்பர்) தனியாக அளக்க வேண்டும். உணரிகளின் முனைகள் மரத்துக்குள் இறங்கிய ஆழத்தை விட்டத்திலிருந்தும், கருவிக் கையேட்டில் சொன்ன திருத்த நேரத்தை அளவிலிருந்தும் கழித்துவிடுங்கள்.

இரண்டு உணரிகளும் ஒரே மட்டத்தில் இருப்பது மிக முக்கியம். நாரின் போக்கில் ஒலி மூன்று, நான்கு மடங்கு வேகம் என்பதால், ஒன்று சற்று மேலேயும் மற்றது கீழேயும் இருந்தால் அலை நாரோடு சரிந்து ஓடி நேரத்தைக் குறைத்துக் காட்டும். நீர்மட்டக் குழாயாலோ லேசர் மட்டத்தாலோ சுற்றிலும் கோடு போட்டுக்கொண்டு தொடங்குங்கள். முதல் தட்டு உணரியை மரத்தில் உட்கார வைப்பதற்கே, அந்த எண்ணை விட்டுவிடுங்கள். அடுத்து ஐந்து முறை ஒரே பலத்தில் தட்டிச் சராசரி எடுங்கள். ஐந்தும் ஒன்றுக்கொன்று 3 விழுக்காட்டுக்கு மேல் விலகினால் முனை மரத்தில் சரியாகப் பிடிக்கவில்லை என்று பொருள். பிடுங்கி 20 மிமீ நகர்த்தி மறுபடி இறக்குங்கள்.

எண்களை எதனோடு ஒப்பிடுவது? புத்தக அட்டவணையோடு அல்ல, அதே மரத்தின் நல்ல பகுதியோடு. தேக்கு, வேங்கை, செங்கால், பாலாவ் எல்லாம் வேகத்தில் வேறுபடும். ஒரே இனத்தின் இரண்டு மரங்களே வேறுபடும். தட்டினால் ‘டங்’ என்று கேட்கும், ஈரம் குறைந்த ஓர் உயரத்தைத் தேர்ந்து, அங்கே மீட்டருக்கு எத்தனை மைக்ரோவிநாடி என்று கணக்கிட்டு அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே 320 மிமீக்கு 250 மைக்ரோவிநாடி என்றால் மீட்டருக்கு 781. அடியில் அதே விட்டத்துக்கு 340 வந்தால் மீட்டருக்கு 1,062, அதாவது 36 விழுக்காடு கூடுதல்.

10 விழுக்காடு வரையிலான வேறுபாடு மரத்தின் இயல்பு. அதற்கு மேல் போனால் பாதைகளைக் கூட்டிப் பார்க்க வேண்டும். அமெரிக்க வனப்பொருள் ஆய்வகம் தரும் வழிகாட்டுதல் இது: 30 விழுக்காடு கூடினால் மரத்தின் வலிமை பாதியாகக் குறைந்திருக்கலாம், 50 விழுக்காடு கூடினால் கடுமையாக இற்றிருக்கிறது. நல்ல கைவிதிதான், ஆனால் இது பரவலாக இற்ற மரத்துக்குச் சொன்னது. சுற்றிலும் வைரம் நன்றாக இருந்து நடுவில் மட்டும் பொந்து விழுந்த தூணின் கணக்கு வேறு.

அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 320 மிமீ தூணின் நடுவில் 160 மிமீ பொந்து, அதாவது பாதி விட்டம். ஒலி அதைச் சுற்றி வரும் குறுகிய பாதை 361 மிமீ. நேர்ப்பாதையைவிட 13 விழுக்காடுதான் அதிகம். பொந்து முக்கால் விட்டமாக, 240 மிமீ ஆகும்போதுதான் பாதை 415 மிமீ ஆகி 30 விழுக்காடு கூடுகிறது. அப்போது சுற்றியிருக்கும் நல்ல மரத்தின் தடிமன் வெறும் 40 மிமீ. மரத்தின் வளர்ச்சி வளையங்களின் ஓரமாகப் போகும் ஒலி சற்று மெதுவாகும் என்பதால் நடைமுறையில் நேரம் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வரும். ஆனாலும் 13, 15 என்று வரும் எண்ணைச் சிறியது என்று ஒதுக்கக் கூடாது என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

வலிமைக் கணக்கு இன்னும் வியப்பானது. கொடிமரத்தைச் சோதிப்பது காற்று. விடிகாலையில் அடிக்கும் சுமத்ரா சூறைக்காற்றில் அது வளைய முற்படும், வளைவின் சுமை அடியில்தான் மிகுதி. வளைவைத் தாங்குவது வெளிப்புற மரம். எனவே நடுவில் பாதி விட்டத்துக்குப் பொந்து இருந்தாலும் வளைவு வலிமையில் குறைவது 6 விழுக்காடுதான். முக்கால் விட்டப் பொந்தில் 32 விழுக்காடு. அதே தூணில் நடுப்பகுதி முழுதாக இருந்து, வெளியில் சுற்றிலும் 20 மிமீ மட்டும் இற்றுவிட்டால் இழப்பு 33 விழுக்காடு! ஒலிச் சோதனையோ நடுப் பொந்தைக் காட்டிக்கொடுக்கும் அளவுக்கு வெளி இற்றலைக் காட்டாது, ஏனென்றால் முனை அந்த மென்மையான அடுக்கின் பெரும்பகுதியைத் தாண்டி உள்ளே போய்விடும். திருப்புளிச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது என்று இவ்வளவு அழுத்திச் சொல்வது இதனால்தான். கூடத்தின் தூண்களில் கணக்கு சற்று மாறும். அவை கூரையின் எடையை நேராகத் தாங்குபவை, அங்கே குறுக்குப் பரப்புதான் முக்கியம். பாதி விட்டப் பொந்து கால்வாசிப் பரப்பைத் தின்றுவிடும்.

நல்ல மரத்தைக் கெட்டதாகக் காட்டுவது பெரும்பாலும் வெடிப்பு. தடித்த மரம் உலரும்போது மேற்பரப்பிலிருந்து நடுவை நோக்கிப் பிளவு விடுவது இயல்பு, அதனால் வலிமை பெரிதாகக் குறையாது. ஆனால் பிளவை ஒலி தாண்டாது, சுற்றித்தான் வரும். வண்ணப் படத்தில் நடுவெல்லாம் பொந்து போலத் தெரிந்து திருப்பணிக் குழு கலங்கிப்போகும். நான்கு பாதை எடுக்கச் சொன்னது இதற்காகவே. பிளவின் போக்கிலேயே செல்லும் பாதை வேகமாகவும், அதற்குக் குறுக்கான பாதை மெதுவாகவும் இருந்தால் அது வெடிப்பு. நான்கும் ஒருசேர மெதுவாக இருந்தால் இற்றல். பாதைகளில் ஒன்று மட்டும் மெதுவாக இருந்து வெளியே பிளவே தெரியாவிட்டால், ஒரு பக்கமாக ஒதுங்கிய பொந்தா என்று பல உணரிக் கருவியால் பார்க்க வேண்டும்.

கெட்ட மரத்தை நல்லதாகக் காட்டுவது நீர். நீரில் ஒலியின் வேகம் விநாடிக்கு 1,500 மீட்டர், மரத்தின் குறுக்குவாட்டு வேகத்தைவிடக் குறைவல்ல. நீர் நிரம்பிய பொந்தின் ஊடாக அலை தடையில்லாமல் போய் நல்ல எண்ணைக் கொடுத்துவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், டிசம்பரில், கவசத்தை இறக்கிய அன்றே அளப்பது இந்த வலையில் விழுவதுதான். கூரை போட்டுச் சில வாரம் உலரவிட்டு, ஈரமானி காட்டும் எண் இறங்கிய பிறகு அளவெடுங்கள். ஈரம் ஏறிய மரத்தில் ஒலி சற்று மெதுவாகும் என்பதும் இருப்பதால், காய்ந்த மேற்பகுதியையும் நனைந்த அடிப்பகுதியையும் ஒப்பிட்டால் அங்கேயும் குழப்பம் வரும். கரையானும் இதே போல ஏமாற்றும். நம் ஊரில் மரத்தின் உட்புறத்தைத் தின்னும் நிலத்தடிக் கரையான், தின்ற இடத்தை மண்ணும் எச்சிலும் கலந்த கலவையால் நிரப்பி வைக்கும். ஒலி அதன் வழியே ஓரளவு போய்விடும். தூணின் அடியில் மண் தடங்கள் தெரிந்தால் ஒலி சொல்லும் நற்செய்தியை நம்பாதீர்கள்.

தொடக்க நிலை இற்றலும் தப்பிவிடும். பழுப்பு இற்றல் பூஞ்சை மரத்தின் எடையில் சில விழுக்காட்டைத் தின்பதற்குள்ளேயே வலிமையைப் பெருமளவு குறைத்துவிடும். அப்போது ஒலியின் நேரம் பெரிதாக மாறியிருக்காது.

ஆகவே சந்தேகமான உயரத்தில் ஊசித் துளைமானியால் உறுதிசெய்துகொள்ள வேண்டும். 3 மிமீ அகல முனையும் 1.5 மிமீ தண்டும் உள்ள நீண்ட ஊசி சுழன்றுகொண்டே மரத்துக்குள் போகும், எதிர்ப்பை வரைபடமாக எழுதும். நல்ல தேக்கில் கோடு பல்பல்லாக மேலே நிற்கும். பூஞ்சை இற்றலில் சரிந்து இறங்கிப் பூச்சியத்துக்கு அருகில் தட்டையாக ஓடும். கரையான் பொந்தில் செங்குத்தாக விழுந்து செங்குத்தாக ஏறும். வெடிப்பில் ஒல்லியான ஒரே வெட்டு. செங்கால் போன்ற கடின மரத்தில் ஆழம் போகப்போக ஊசித் தண்டு உரசி வரைபடம் பொய்யாக உயரும், ஊசி வளைந்து திசையும் மாறக் கூடும். அங்கே இரண்டு பக்கத்திலிருந்தும் துளையிட்டு இரண்டு கோடுகளையும் ஒப்பிடுங்கள்.

கொடிமரத்தில் மிகவும் ஆபத்தான இடம் பீடத்துக்குள் புதைந்த பகுதி. ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைக்கும் மேல் 300 மிமீ ஆழத்தில்தான் இற்றல் முதலில் வரும். ஒலி உணரியை அங்கே வைக்க வழியில்லை. அதற்கு ஊசிதான். பீடத்தின் மட்டத்துக்கு 50 மிமீ மேலிருந்து 45 பாகைச் சாய்வில் கீழ்நோக்கி 400 மிமீ இறக்கினால் முனை பீட மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 230 மிமீ வரை போகும், வழியில் மரத்தின் நடுவையும் கடக்கும். சுற்றிலும் சம இடைவெளியில் மூன்று துளைகள் போதும். வேலை முடிந்ததும் துளைகளை அப்படியே விடாமல் போரான் மருந்து செலுத்தி மரமுளையால் அடைத்துவிடுங்கள்.

உங்கள் ‘பொத்’ தூணைப் பற்றி: நான்கு தூண்களையும் ஒரே நாளில் ஒரே உயரங்களில் அளந்து ஒப்பிடுங்கள். மற்ற மூன்றும் ஒத்துப்போய் இது மட்டும் எல்லாப் பாதைகளிலும் 30 விழுக்காட்டுக்கு மேல் தாமதித்தால், ஊசித் துளைமானிச் சோதனையின் முடிவு வரும்வரைகூடக் காத்திருக்காமல் இரும்பு முட்டுக்கால் கொடுத்துக் கூரையைத் தாங்கவையுங்கள். தூணை என்ன செய்வது என்ற முடிவைப் பதிவுபெற்ற நிபுணத்துவப் பொறியாளரே எடுக்க வேண்டும். அவரிடம் வண்ணப் படத்தை மட்டும் காட்டாதீர்கள். விட்டம், நேரம், ஈரம் எல்லாம் எழுதிய அட்டவணையையும் கொடுங்கள். படத்தின் நிறத்தை மென்பொருளில் மாற்றிக்கொள்ளலாம், அளந்த எண்ணை மாற்ற முடியாது. இன்னொன்று: கேலோங்கிலோ (கடலில் கம்பங்கள் நட்டுக் கட்டும் மீன்பிடி மேடை) பழைய படகுத்துறையிலோ கிடைத்த நிபோங் கம்பம் உங்களிடம் இருந்தால் மேலே சொன்ன எண்கள் எதுவும் அதற்குப் பொருந்தாது. அது பனை இனம். வெளியே இரும்பாகவும் நடுவில் மென்மையாகவும் இருப்பதே அதன் இயல்பு. நல்ல நிபோங்கைக்கூடக் கருவி கோறை என்றுதான் சொல்லும்.

மரம் தேறிவிட்டால் புதுக் கவசம் செய்யும் ஆசாரியிடம் இரண்டு வேலை சொல்லுங்கள். அடிப்பகுதி 300 மிமீ உயரத்துக்குத் தனி வளையமாக, இரண்டு பாதியாகப் பிரித்துக் கழற்றும்படி, செம்புத் திருகாணிகளால் பூட்டித் தர வேண்டும். இரும்பு ஆணி கூடாது, செம்போடும் பித்தளையோடும் சேர்ந்தால் இரும்பு சீக்கிரம் துருப்பிடித்து அந்த ஓட்டை வழியே நீர் இறங்கும். வளையத்தின் கீழ் விளிம்புக்கும் பீடத்துக்கும் நடுவே 10 மிமீ இடைவெளி விட்டு, பீடத்தின் மேல்மட்டத்தை வெளிப்புறம் வாட்டமாக அமைத்தால் அபிஷேக நீர் தேங்காமல் ஓடிவிடும். அந்த வளையத்தை வருடம் ஒருமுறை, கொடியேற்றத்துக்கு முன்னால் கழற்றி, 50 மிமீ, 200 மிமீ உயரங்களில் நான்கு பாதைகளையும் ஈரத்தையும் குறித்து அதே அட்டவணையில் சேர்த்துவிட்டால், மரத்தின் நிலையை அறிய அடுத்த கும்பாபிஷேகத்துக்கு 12 ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை.